பாதிவழி இறக்கம்: ஹந்தானையிலிருந்து ஒரு கணக்கு

ஹந்தானையில் விமான நிலையம் இல்லை. மலிவு டிக்கட் வித்தைகளை எழுதுகிறவர்கள் யாரும் இந்த இடத்திலிருந்து தொடங்குவதில்லை. அவர்களுடைய பயணம் ஓடுபாதையில் ஆரம்பிக்கிறது. எங்களுடையது கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு மேலே ஏறும் வளைவுகளில், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இன்று இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அப்பால், பனிக்குள் ஹார்ன் அடித்து நிற்கும் ஒரு வானில் ஆரம்பிக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மூன்று மணித்தியாலம், கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு லொறி நின்றுவிட்டால் நான்கு. விடிகாலை விமானம் என்றால் முதல்நாள் இரவே கிளம்ப வேண்டும், வழியனுப்ப வரும் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு. ஆகவே டிக்கட்டில் எவ்வளவு மிச்சம் என்று இங்கே யாராவது சொன்னால், வான் கூலியைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

இந்த வித்தைகள் பேராதனை மாணவர் விடுதிகளிலும் கண்டி ஏஜென்சிக் கடைகளிலும் வாய்வழியாகச் சுற்றுகின்றன. சொல்லுகிறவர் எப்போதும் ஒரு மச்சானைச் சாட்சிக்கு அழைக்கிறார். அந்த மச்சான் ஒருமுறை தப்பித்தவர். ஒருமுறை தப்பித்ததை வைத்து ஒரு முறையையே சரி என்றுவிட முடியாது. நான் ஒவ்வொன்றிடமும் கேட்பது இது: விமான நிறுவனம் எதற்காக இந்தத் தள்ளுபடியைத் தருகிறது, அதற்குப் பதிலாக நம் தலையில் எதை ஏற்றுகிறது?

முதலில் வெறும் புரளிகளைத் தள்ளிவிடுவோம். தேடிய தடம் தெரியாத ஜன்னலில் பார்த்தால் விலை குறையும், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் குறையும் என்பவை அந்த வகை. ஒரு விமானத்தின் இருக்கைகள் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. ஒவ்வொரு விலைக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. எந்த எழுத்து இன்று திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்பதே விலை. அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியபின் அமெரிக்கன் எயார்லைன்ஸ் கணினி கொண்டு வளர்த்தெடுத்த முறை இது. இன்று உலகம் முழுவதும் இதுதான். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனமொன்றின் உள்தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டது, விலையை நிர்ணயிக்கும் பிரிவு ஒன்று, எந்த எழுத்தில் எத்தனை இருக்கை என்று தீர்மானிக்கும் பிரிவு வேறொன்று, இரண்டுக்கும் இடையே பேச்சே குறைவு என்பது. நீங்கள் ஹந்தானையில் அமர்ந்து நான்காம் முறை தேடுவதைக் கவனித்து விலையேற்றும் அளவுக்கு அந்த இயந்திரம் சாமர்த்தியசாலி அல்ல. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வத்தளையில் இன்னொருவர் கடைசி மலிவு இருக்கையை வாங்கிவிட்டார், அவ்வளவுதான்.

புகழ்பெற்ற வித்தை பாதிவழி இறக்கம். ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு நேராகப் போக ஒரு விலை. ‘அ’விலிருந்து ‘ஆ’ வழியாக ‘இ’க்குப் போக அதைவிடக் குறைந்த விலை. ‘இ’க்கு டிக்கட் எடுத்து ‘ஆ’வில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவது. எங்கள் கண்டி–யாழ்ப்பாண இரவு பஸ்ஸுக்கு இது தலைகீழ். அங்கே தம்புள்ளையில் இறங்கினாலும் கொண்டக்டர் யாழ்ப்பாணக் காசைத்தான் வாங்குவார். இருக்கை முழுவழிக்கும் அடைபட்டது என்பது அவருடைய நியாயம். குறைந்தபட்சம் நேர்மையான நியாயம். விமான நிறுவனமோ முழுவழிக்குக் குறைவாகவும் பாதிவழிக்குக் கூடுதலாகவும் கேட்கிறது. காரணம் தூரமல்ல, போட்டி. லண்டன் ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேரடியாகப் பறப்பது ஶ்ரீலங்கன் மட்டும். லண்டனிலிருந்து தமிழ்நாட்டுக்கோ வளைகுடா நிறுவனங்கள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பயணியைக் கொழும்பு வழியாக இழுக்க வேண்டுமானால் விலையை இறக்கத்தான் வேண்டும். எனவே லண்டன்–கொழும்பு–திருச்சி டிக்கட், அதே விமானத்தில் அதே வரிசையில் அமர்ந்து வரும் லண்டன்–கொழும்பு டிக்கட்டைவிட மலிவாகும் நாட்கள் உண்டு. ஆகஸ்டில் எசல பெரஹரவுக்கும் பள்ளி விடுமுறைக்கும் சேர்த்து ஊருக்கு வரும் குடும்பத்துக்கு இது எரிச்சல் தரும் விஷயம்தான்.

இதில் திருட்டு இருக்கிறதா? இல்லை என்பது என் பக்கம். விலை கொடுத்து வாங்கிய இருக்கையில் பாதி தூரம் அமராமல் விடுவது திருட்டென்றால், பந்தியில் பாயசத்தை மீதம் வைத்தவனும் திருடனே. நீதிமன்றங்களும் விமான நிறுவனங்களின் கோபத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட டிக்கட்டுகளைத் தேடித்தரும் ஸ்கிப்லாக்ட் என்ற தளத்தின் மீது யுனைட்டட் எயார்லைன்ஸ் 2014இல் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டே தள்ளுபடியானது, அந்த நீதிமன்றத்துக்கு அதிகார எல்லை இல்லை என்ற காரணத்தில். பயணி ஒருவர் சியாட்டிலிலிருந்து பிராங்ஃபர்ட் வழியாக ஒஸ்லோ போகும் டிக்கட்டின் கடைசித் துண்டைப் பயன்படுத்தவில்லை என்று லுஃப்தான்ஸா இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் அதை நிராகரித்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் அதே தளத்திடமிருந்து 94 இலட்சம் டொலர் வென்றதைப் பலர் பாதிவழி இறக்கத்துக்கு விழுந்த அடி என்று எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு நின்றது நிறுவனத்தின் இலச்சினையைப் பயன்படுத்திய பதிப்புரிமை மீறலின் மேல். பாதியில் இறங்கிய பயணியை அது தொடவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. லுஃப்தான்ஸாவை ஏமாற்றுவதும் ஶ்ரீலங்கனை ஏமாற்றுவதும் எங்களுக்கு ஒன்றல்ல. எமிரேட்ஸ் 2008இல் நிர்வாகத்தை விட்டுப் போனபின் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டம் கண்ட அரச நிறுவனம் அது. அந்த நட்டத்தின் ஒரு பங்கு, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரியின் வழியாக, ஹந்தானைத் தோட்ட லயத்தில் சவர்க்காரம் வாங்கும் பெண்ணின் கையிலிருந்தும் போகிறது. அவள் ஒருமுறையும் அதில் ஏறியதில்லை. இதைச் சொல்லி வித்தை செய்பவரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. நம் விமானத்தில் நமக்கே கூடுதல் விலை வைத்திருப்பதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

ஆக ஒழுக்கத்திலும் சட்டத்திலும் பாதிவழி இறக்கம் பாஸ். எங்கள் ஊரில்தான் அது தோற்கிறது. தோற்கடிப்பது பெட்டி. செக்-இன் செய்த பெட்டி டிக்கட்டின் கடைசி ஊருக்கே போகும். நீங்கள் கட்டுநாயக்கவில் இறங்க, அது திருச்சியில் வட்டப் பட்டியில் தனியாகச் சுற்றும். கைப்பையோடு வந்துபோகும் வாலிபனுக்கு இது பொருட்டில்லை. ஊருக்கு வரும் லண்டன்காரர் கைப்பையோடு வருவாரா? சித்திக்கு மருந்து, மருமகனுக்குச் சப்பாத்து, கோயிலுக்கு நேர்ந்த பட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சொக்கலேட். அனுமதித்த எடையைக் கடைசி கிராம் வரை நிரப்பாமல் விமானம் ஏறிய மலையகத்தானை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெட்டியையும் எப்படியோ சமாளித்தாலும் விசா இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. திருச்சிக்கு டிக்கட் வைத்திருப்பவரை ஹீத்ரோ கவுண்டரில் இந்தியாவுக்குப் போகும் பயணியாகத்தான் பார்ப்பார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டானாலும் இலங்கைக் கடவுச்சீட்டானாலும் இந்திய விசா இல்லாமல் ஏற்றமாட்டார்கள். கால் வைக்கப்போகாத நாட்டுக்கு விசாக் காசு கட்டி, அந்தக் காசை டிக்கட் மிச்சத்தில் கழித்துப் பாருங்கள். மூன்றாவதாகத் திரும்பும் டிக்கட். துண்டுகளை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் நிபந்தனை. ஒன்றைத் தவறவிட்டால் அதற்குப் பின்னாலுள்ள அனைத்தும் ரத்து. போகும்போது கொழும்பில் இறங்கியவருக்குத் திரும்பும் இருக்கை கிடையாது. கடைசித் துண்டில் மட்டுமே செல்லுபடியாகும் வித்தை, இருவழி போய்வரும் மக்களுக்கு எதற்கு? என் தீர்ப்பு: ஹந்தானைக்கு வருகிறவருக்கும் இங்கிருந்து போகிறவருக்கும் பாதிவழி இறக்கம் வேண்டாம்.

வரிசை நிபந்தனையைத் தலைகீழாகப் பிடித்தால் ஓர் உருப்படியான விஷயம் கிடைக்கிறது. முதல் துண்டை விடக்கூடாது, கடைசித் துண்டை விடலாம். ஒருவழி டிக்கட் இருவழியைவிடக் கூடுதலாகக் காட்டினால், இருவழி வாங்கித் திரும்பாமல் விடுவது பெரும்பாலும் தொல்லையில்லாதது. ஆனாலும் அதைவிட மேலான ஒரு முறை உண்டு, நான் முழுமனதோடு பரிந்துரைப்பது இதையே. பேராதனையில் பட்டம் முடித்து மெல்பர்னில் படிக்கப் போகும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அது பெப்ரவரியில் ஒருவழி டிக்கட்டில் போய், டிசம்பரில் மெல்பர்னிலிருந்து விடுமுறைக்கு வந்துபோக இருவழி டிக்கட் எடுக்கிறது. டிசம்பர் அவுஸ்திரேலியாவின் கோடை விடுமுறை. விலை உச்சத்தில் நிற்கும். மாறாக முதல் நாளே கொழும்பிலிருந்து கொழும்புக்கு, பெப்ரவரியில் போய் டிசம்பரில் திரும்பும் டிக்கட்டாக எடுத்தால்? பல கட்டணங்களில் பருவம் தீர்மானிக்கப்படுவது பயணம் தொடங்கும் நாளை வைத்தே. டிசம்பர்ப் பயணம் பெப்ரவரி டிக்கட்டின் வாலாகிவிடுகிறது. வந்த பிள்ளை அடுத்த பெப்ரவரியில் மறுபடியும் கொழும்பிலிருந்து தொடங்கட்டும். எந்த விதியையும் மீறவில்லை, எல்லாத் துண்டும் வரிசைப்படி, பெட்டியும் கூடவே வரும். பார்க்க வேண்டியது டிக்கட்டின் ஆயுள்: ஒரு மாத டிக்கட்டும் உண்டு, ஒரு வருட டிக்கட்டும் உண்டு. திகதி மாற்ற எவ்வளவு என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும், ஏனெனில் பத்து மாதம் கழித்துப் பரீட்சை எந்த நாளில் முடியும் என்று பல்கலைக்கழகத்துக்கே தெரியாது. அந்த மாற்றக் கட்டணம் மிச்சத்தைத் தின்னாவிட்டால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிரானது துண்டு டிக்கட். கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரு மலிவு டிக்கட், சென்னையிலிருந்து அப்பால் வேறு நிறுவனத்தில் இன்னொன்று. கூட்டினால் சில வேளை நேர் டிக்கட்டைவிடக் குறைவாக வரும். இங்கே தள்ளுபடியின் காரணம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே டிக்கட்டில் முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கட்டானால் நீங்களே பொறுப்பு. இடைப்பட்ட பொறுப்பைத்தான் விலைக்கு வாங்காமல் விட்டிருக்கிறீர்கள். அத்தோடு சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கக் குடிவரவைக் கடந்து வெளியே வர வேண்டும், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கும் இந்திய விசா. மேற்கத்தியக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுதிய ஆலோசனை என்பது இதில் நன்றாகத் தெரிகிறது.

எங்கள் பாட்டன்மாருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையில் ஒரு டிக்கட் எடுத்தால் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று கொழும்புவரை வந்துவிடலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தத் தோட்டங்களிலிருந்து தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் இன்றும் பல குடும்பங்கள் திருச்சிக்கும் நீலகிரிக்கும் டிக்கட் தேடுகின்றன. எங்களில் பலருக்கு இது சொந்தம் பார்க்கும் செலவு.

துண்டு டிக்கட்டை அடியோடு தள்ளவும் முடியாது. சென்னையில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு அது நல்ல முறை. விசாவும் ஏற்கெனவே தேவை, இரவும் நடுவில் இருக்கிறது. மூன்று மணி நேர இடைவெளியில் ஓடிப் பிடிக்கலாம் என்பவருக்கு வேண்டாம். என் உறவுப் பையன் ஒருவன் அப்படி ஓடினான். முதல் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்தியது. இரண்டாவதற்குப் புதிதாக அன்றைய விலையில் வாங்கினான். அதில் பழைய மிச்சம் மூன்று தடவை போயிற்று.

குடும்பமாகப் போகிறவர்களுக்குப் பயன்படும் சிறிய உண்மை ஒன்று இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரேயடியாகத் தேடினால், ஐந்து இருக்கையும் ஒன்றாகக் கிடைக்கும் எழுத்தின் விலையையே பொதுவாகக் கணினி ஐவருக்கும் போடும். 30,000 ரூபாய் எழுத்தில் இரண்டு இருக்கை மீதி, அடுத்த எழுத்து 38,000 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாக எடுத்தால் 190,000. இருவருக்கு முதலில், மூவருக்குப் பிறகு என்று பிரித்தால் 174,000. பதினாறாயிரம் மிச்சம், கட்டுநாயக்க வான் கூலியில் ஒரு பங்காவது அடங்கும். அதற்குக் கொடுக்க வேண்டிய விலை: இரண்டு பி.என்.ஆர், அதாவது இரண்டு தனித்தனிப் பதிவு. விமானம் ரத்தானால் ஒரு பாதியை இன்றும் மறுபாதியை நாளையும் ஏற்றக்கூடும். ஆங்கிலம் தெரியாத ஆத்தாவையும் சின்னப்பிள்ளையையும் விவரம் தெரிந்தவர் இருக்கும் பாதியிலேயே சேர்த்துவிட வேண்டும். இந்த வித்தைக்கு என் முழு ஒப்புதல், அந்த ஒரு நிபந்தனையோடு.

இதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஐயப்ப சாமிமார் குழு. கார்த்திகை பிறந்தால் கண்டியிலிருந்து மாலை போட்டவர்கள் குழுகுழுவாகத் தென்னிந்தியாவுக்குப் பறக்கிறார்கள். சேலைக் கடையில் பத்துச் சேலை எடுத்தால் விலை குறையும், இங்கே இருபது பேர் போகிறோமே என்ற நம்பிக்கையில் குருசாமி ஏஜென்சியில் குழுவிலை கேட்கிறார். சொல்லப்படும் விலையோ தனியாள் தேடுவதைவிடச் சில வேளை கூடுதலாக இருக்கும். அதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. இருபது இருக்கையை மூன்று மாதம் முன்பே கட்டிப்போட்டால், கடைசி வாரம் கூடுதல் விலை தரக்கூடிய இருபது பேரை அவர்கள் இழக்கிறார்கள். குழுவிலையில் நீங்கள் வாங்குவது மலிவை அல்ல, அவகாசத்தை: முன்பணம் கட்டி, பெயரைப் பின்னால் கொடுக்கலாம். விரதத்தைப் பாதியில் விட்ட சாமிக்குப் பதில் வேறு சாமியைப் போடலாம். தனித்தனி டிக்கட்டில் பொதுவாகப் பெயர் மாற்றம் கிடையாது. எந்த ஆண்டும் யாராவது ஒருவர் விலகாத குழு இல்லையாதலால், கூடுதல் விலையானாலும் குருசாமி வாங்குவது சரி என்பேன்.

‘திகதியை முன்பின் நகர்த்தினால் மலிவு’ என்ற ஆலோசனை, நான் அறிந்தவரை எல்லாவற்றிலும் உண்மையானது. மண்டல பூசைக்கும் மகரஜோதிக்கும் போகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். தைப் பிறப்பை எந்த விமான நிறுவனமும் தள்ளிவைக்காது. கைப்பையோடு போனால் மிச்சம் என்பதும் அப்படியே: இருமுடியில் நெய்த் தேங்காய் இருக்கிறது. தேங்காயைக் கைப்பொதியில் விடுவதில்லை என்ற விதியை, சபரிமலை யாத்திரிகர்களுக்காக இந்தியச் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2025 ஜனவரி 20 வரை தளர்த்தியது என்றால், அதற்கு முன் எத்தனை கவுண்டரில் எத்தனை சாமிமார் வாதாடியிருப்பார்கள்!

கடைசியாக, வேறு விமான நிலையம் பார்க்கும் வித்தை. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமானது. அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் சென்னைக்குப் பறந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேர்ந்துகொண்டது. யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்புக்குப் போகும் இரவு மிச்சம். எங்களுக்கு? ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான் என்பதால் ஆசை எழுகிறது. வரைபடத்தில் நேர்கோடு. ஆனால் அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், கட்டுநாயக்கவைவிட மூன்று மடங்கு. பறப்பதோ சிறிய ஏ.டீ.ஆர் விமானம், ஒருநாள் ரத்தானால் அடுத்ததற்குக் காத்திருக்க ஊரில் ஆள் வேண்டும். டிக்கட் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பலாலிக்குப் போகிறவர் ஓர் இரவு பஸ்ஸையும் ஒரு பகலையும் கணக்கில் எழுத மறந்தவர். நல்லூரில் சொந்தம் உள்ளவருக்கும், நயினாதீவுக்கும் சேர்த்து நேர்த்தி வைத்தவருக்கும் வேறு கணக்கு. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய ‘சிவகங்கை’ கப்பல் சேவைக்கும் இதே தீர்ப்பு, பொதி அதிகமுள்ளவர் அதை இன்னொரு முறை யோசிக்கலாம் என்ற சிறு திருத்தத்தோடு.

போன கார்த்திகையில் ஏஜென்சிக் கடையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். திருச்சிக்கு, மகளின் பிரசவத்துக்கு. கடைத் தம்பி இரண்டு விலை காட்டினான்: இன்னும் பத்து நாளில் போகும் மலிவு, நாளன்றைக்குப் போகும் கூடுதல். “பத்து நாள் பொறுத்தீங்கன்னா நல்ல மிச்சம்மா” என்றான். “புள்ள பொறுக்காதே தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான் கையில் வைத்திருந்த ஒப்பீட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.